பின்சக்கரத்தில் இரண்டு விரல்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் காலி அட்டைப்பெட்டிதான். முந்தின நாள் சாயங்காலம்வரை அதில் ஒரு காருக்கான நான்கு புது ஸ்பிரிங்குகள் இருந்தன. பூட்டு உடையவில்லை. பட்டறையில் வேறு ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை.

பட்டறைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி குற்றப்பிரிவில் எஸ்.ஐ. ஸ்டேஷனுக்குக் கிளம்பிய சீருடையோடு நேரே இங்கே வந்துவிட்டாள்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"ஒண்ணு மெக்கானிக்கிட்ட. இன்னொண்ணு நம்ம வீட்டு ஆணியில தொங்குது."

"அப்போ அந்த வீட்டுல இருக்கிற நாமளும் சந்தேகத்துலதான் இருக்கோம்."

"விளையாடாத. தம்பி அவன் காரோட உயரத்தை இறக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கின ஸ்பிரிங்கு. நேத்து முழுக்க மெக்கானிக் அவன்கூட மல்லுக்கு நின்னான். அந்தக் கோபத்துல தூக்கிட்டான். நீ புகாரை எழுதிக்க."

மெக்கானிக் உள்ளே ஒரு ஸ்டூலில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டறை திறந்த நாளிலிருந்து இங்கேதான் வேலை. புகார் என்று ஒன்று எழுதிவிட்டால் போதும். நாளைக்கே விடுவித்தாலும் இந்தத் தெருவில் யாரும் அவரை நம்பிக் கார் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். எஸ்.ஐ. பேனாவைத் தொடவில்லை. ஸ்டூலுக்கு எதிரே போய் நின்றாள்.

"எவ்வளவு இறக்கச் சொன்னான்?"

"மூணு விரல், அக்கா. டயருக்கும் மேல இருக்கிற தகடுக்கும் நடுவுல இப்போ நாலு விரல் போகும். ஒரு விரல்தான் மிஞ்சணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு விரல் இறக்கினா அழகு, மூணு விரல் இறக்கினா வம்புன்னேன். நம்பலைன்னா டிக்கியில பாரத்தை ஏத்தித் தாழ்த்தி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

"கோபம் வந்துச்சா?"

"வந்துச்சுதான். அதுக்காகத் திருடுவேனாக்கா?"

அவளுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்தாள்.

ஸ்பிரிங் மாட்டுவதற்காகக் காரைக் கொண்டுவந்திருந்த கொழுந்தன், அதன் மீதே சாய்ந்துகொண்டு நின்றான்.

"உனக்கு யார் மேல சந்தேகம்?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி. போனா போகட்டும், விடுங்க."

ஒரு மாசமாக அந்த ஸ்பிரிங்கைத் தவிர வேறு பேச்சே பேசாதவன் இவன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அதே புராணம்தான். அவன் வாயிலிருந்தா போனால் போகட்டும் என்று வருகிறது?

குனிந்து முன்சக்கரத்துக்கு மேலே விரல்களை நுழைத்துப் பார்த்தாள். தாராளமாக நான்கு. பின்சக்கரத்துக்குப் போனாள். இரண்டுக்கு மேல் நுழையவில்லை.

எதையாவது வைத்துக்கொள்ள ஆசைப்பட்டுத்தான் மனுஷன் திருடுவான். ஒன்றை எப்படியாவது ஒழித்துக்கட்டவும் திருடுவானா? திருடுவான் என்றுதான் தோன்றியது.

"டிக்கியைத் திற."

"அதுல ஒண்ணுமில்ல, அண்ணி."

"ஒண்ணுமில்லாத டிக்கி இப்படி உக்காராது. இன்னும் ஒரு ஸ்பிரிங்கும் மாட்டல. பின்பக்கம் மட்டும் யாரு இறக்கினது?"

சத்தம் கேட்டுக் கணவரும் மெக்கானிக்கும் வெளியே வந்தார்கள். டிக்கி திறந்தது. உள்ளே மணல் மூட்டைகள். அவற்றுக்குப் பின்னால் பழைய போர்வையில் சுற்றி நான்கு ஸ்பிரிங்குகள்.

"பொருளைப் பறிகொடுத்தவன் வண்டியை யாரும் சோதனை போட மாட்டாங்கன்னு நெனச்சிருக்கான்," என்றாள் கணவரிடம். "ஆணியிலேர்ந்து சாவியை எடுத்தது இவன்தான். மெக்கானிக் சொன்னதைக் கேட்டுச் சிரிச்சவன், அதையே செஞ்சும் பாத்திருக்கான். நேத்து ராத்திரி ஓட்டினப்ப என்னடா ஆச்சு?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"பக்கத்துல அவ உக்காந்திருந்தா, அண்ணி. நம்ம வாசல் சரிவுல ஏறும்போது அடிப்பக்கம் தடால்னு இடிச்சுது. அவ ரெண்டு கையாலயும் வயித்தைப் புடிச்சுக்கிட்டா."

அவன் மனைவிக்கு ஏழாம் மாசம்.

"அப்பவே இறக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா எல்லார்கிட்டயும் தம்பட்டம் அடிச்சு வச்சிருக்கேனே? இவர் சொன்னதுதான் சரின்னு வந்து நிக்க மனசு வரல. ஸ்பிரிங்கு காணாமப் போயிட்டா பேச்சு அதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

பட்டறைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. மெக்கானிக்கின் கையைப் பிடித்தார். "அவசரப்பட்டுட்டேம்ப்பா. மன்னிச்சுக்க."

"நீங்க விடுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாது." மெக்கானிக் தம்பிக்காரன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும். அண்ணன் என்னைத் திருடன்னு சொல்லும்போது நீங்க இங்கதானே நின்னீங்க?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். வீட்டில் எந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டாலும் அவனைக் காப்பாற்றி விடுபவள் அவள்தான்.

"என்னைப் பாக்காத," என்றாள் அவள். "கேட்டது அவரு. அவருக்குப் பதில் சொல்லு."