செரிக்காத சாட்சி

"பயப்படாதீர்கள்..." என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகதலேனாவின் கைப்பைக்குள் போன் அலறியது.

மலேசியாவின் கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை.

கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. பாதிரியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் மகதலேனா ஸ்டானிஸ்லாஸ் கொலைகாரர்களைப் பார்த்துப் பயந்ததில்லை. பாதிரியாரைப் பார்த்துப் பயந்தாள். போனைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"முகுந்தன்... பூசையில இருப்பேன்னு சொன்னேன்ல?"

"சாரி புவான்." மலாயில் மேடத்துக்குப் புவான். "காப்பார்ல ஒரு டெட் பாடி. பெட்டிக்குள்ள இருக்கு."

"டெட் பாடி பெட்டிக்குள்ளதானே இருக்கும்?"

"சவப்பெட்டிதான் புவான்." கோப்பரல் முகுந்தன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா மூடியில ரத்தம். உள்பக்கம்."

காப்பார். செம்பனைத் தோட்டத்தின் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ஸ்டோர்.

சுவரில் ஆளுயரப் போஸ்டர். கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு மனிதர். கீழே கொட்டை எழுத்தில், 'பயம் ஒரு பொய் - கோச் சுகுமாறன்'.

கோச் சுகுமாறன் இப்போது சிரிக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியறை பிடித்து, பயத்தை ஒழிக்கும் வகுப்பு நடத்தியவர். மாணவர்களைக் கண்ணாடித் துண்டுகள் மேல் நடக்க வைப்பார். கழுத்தில் மலைப்பாம்பைப் போடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக 'மரணப் பெட்டி'. சவப்பெட்டிக்குள் படுக்கச் சொல்லி, மூடி, வெளியே கொக்கி போடுவார். மூச்சுவிடத் துளைகள் உண்டு. அதில் படுத்து எழுந்தால் சர்டிஃபிகேட் தருவார்; பயம் செத்துவிடுமாம்.

பயம் சாகவில்லை. கோச் செத்திருந்தார்.

நகங்கள் பிய்ந்திருந்தன. மூடியின் உள்பக்கம் கோடு கோடாகக் கீறல். வாய் திறந்தபடி... கண்கள் அதைவிட அகலமாகத் திறந்தபடி.

"கொக்கி வெளிப்பக்கம் மாட்டியிருந்துச்சாம் புவான். இவன்தான் காலையில வந்து திறந்தானாம்" என்றான் முகுந்தன்.

'இவன்' என்பது திருமுருகன். தமிழ்நாட்டிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வந்து, கோச்சின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பற்கள் தந்தியடித்தன.

"நடுங்குறான் பாருங்க. இவன்தான் செஞ்சிருக்கான்."

"நீ லத்தியும் கையுமா மூஞ்சிக்கு நேரா நின்னா நானே நடுங்குவேன். தள்ளி நில்லு." மகதலேனா திருமுருகன் பக்கம் திரும்பினாள். "சொல்லு தம்பி. நேத்து என்ன நடந்துச்சு?"

"மதியம் காப்பார் கடையில வாழையிலைச் சாப்பாடு மேடம். பாஸ் மட்டன ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. அப்புறம் இங்க கொண்டாந்து விட்டேன். யாரோ பிரைவேட் கிளாஸுக்கு வராங்க, நீ கிளம்புன்னாரு. போயிட்டேன். இன்னிக்கு கிளாஸுக்குச் சாமான் ஏத்த வந்தா..."

அழுதுவிட்டான்.

"சாப்பாட்டுக் கடையில சண்டை போட்டீங்களாமே? கடைக்காரர் சொல்றாரு."

"பாஸ்போர்ட்ட கேட்டேன் மேடம். அவர்தான் புடுங்கி வச்சிருக்காரு. அம்மாவுக்கு முடியல, ஊருக்குப் போகணும்னேன். மொதல்ல பயத்த ஜெயி, அப்புறம் தரேன்னு சிரிச்சாரு."

முகுந்தன் இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தான். "மோட்டிவ் கிடைச்சிருச்சு புவான்."

கிள்ளான் ஆஸ்பத்திரி ஒன்றின் பிணவறை.

டாக்டர் கிளாரிசா கையுறையைக் கழற்றினாள். அந்தக் கட்டடத்தில் சிரிக்கத் தெரிந்த ஒரே உயிர். மற்றவர்கள் உயிர் போனபிறகுதான் அங்கே வருகிறார்கள்.

"காயம் பெருசா இல்ல இன்ஸ்பெக்டர். இதயம் நின்னிருக்கு. பயத்துல."

"பயத்துல சாவாங்களா டாக்டர்?"

"தாராளமா. பயந்தா அட்ரினலின் கொட்டும். இதயம் ரேஸ் குதிரை மாதிரி ஓடும். வாய் காயும், கண் விரியும். அடி, இல்லாட்டி ஓடுன்னு உடம்பு சொல்லும். பெட்டிக்குள்ள யாரை அடிக்கிறது... எங்க ஓடுறது? கடைசியில இதயம் கை விட்டுடும்."

"பயம் பொய்னு போஸ்டர் அடிச்சவரு."

"உடம்பு போஸ்டர் படிக்காது லா."

"எப்போ செத்தாரு?"

"வயித்துல சோறு அப்படியே கிடக்கு. கறித் துண்டுகூட கரையல. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உள்ள தள்ளியிருக்கான், உடனே செத்திருக்காரு. மதியமேதான்." டாக்டர் பெருமூச்சு விட்டாள். "அந்த நேரத்துல நான் ஒரு கல்யாணத்துல மைக்க பிடிச்சு மாப்பிள்ளைய கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தேன். லைஃப் பாருங்க."

மதியம் கோச்சுடன் இருந்தது ஒரே ஒருவன்.

திருமுருகன் லாக்கப்புக்குள் போனான்.

மறுநாள் திருமுருகனின் அறையைச் சோதனை போட செந்தூலுக்குப் போனார்கள்.

போகும் வழியிலேயே முகுந்தன் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டான். கோழி, முட்டை, மறுசோறு, அதற்கு மேல் ஒரு மறுசோறு. ஃபிளாட்டை அடைந்ததும் மகதலேனா கீழே நின்று போன் பேச, அவன் முதலில் லிஃப்டில் ஏறினான்.

இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்தது.

"முகுந்தன்... கேக்குதா?"

"புவான்... மூச்சு முட்டுது புவான்..."

"ஆள் வராங்க. பதறாத."

லிஃப்ட் ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள். ஸ்பேனர் எடுக்கத் திரும்பிப் போனார்கள். அதற்குள் கோப்பரல் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டு முடித்து, மனைவியின் பெயருக்கு வந்திருந்தான்.

சாயங்காலம் கதவு திறந்தது. தவழ்ந்து வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

மகதலேனா குனிந்து பார்த்தாள்.

மதியம் சாப்பிட்ட சோறு. பருக்கை பருக்கையாக. கோழித் துண்டு, வெட்டிய மாதிரியே.

ஒரு போலீஸ் அதிகாரி வாந்தியை இவ்வளவு ஆர்வமாகப் பார்ப்பதை செந்தூல் மக்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

பக்கத்து கிளினிக் டாக்டர் முகுந்தனின் நாடியைப் பிடித்தார். "ஒண்ணும் இல்ல. ரொம்ப பயந்திருக்காரு. அவ்வளவுதான்."

"டாக்டர், மதியம் சாப்பிட்டது ஏன் செரிக்கல?"

"பயந்தா வயிறு கடைய சாத்திடும்க்கா. ரத்தம் எல்லாம் கை காலுக்குப் போயிரும். உயிர் போற நேரத்துல சோற செரிச்சு என்ன பண்ண? மணிக்கணக்கா அப்படியே கிடக்கும்." டாக்டர் ஊசியை எடுத்தார். "முதல் வருஷப் பாடம் இது."

முதல் வருஷப் பாடம்...

மகதலேனா நேராக லாக்கப்புக்குப் போனாள்.

திருமுருகன் மூலையில் சுருண்டு கிடந்தான். தட்டில் வைத்த சாப்பாடு தொடாமல் இருந்தது.

"அந்தப் பெட்டியில இதுக்கு முன்னாடி யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

அவன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"போன வருஷம் மேடம்... ஜெஞ்சாரோம் கேம்ப்ல. ஏமின்னு ஒரு பொண்ணு. அது வேலை பாக்குற ஆபீஸ்ல அனுப்பி வச்சிருந்தாங்க. மூடினதும் திறங்க திறங்கன்னு கத்துச்சு. நான் கொக்கிய எடுக்கப் போனேன். பாஸ் என் கைய பிடிச்சுக்கிட்டாரு. பயம் சாகும்போது அப்படித்தான் கத்தும், விடுன்னாரு." அவன் தன் கையைப் பார்த்தான். "கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுச்சு. பாத்தியா, ஜெயிச்சிடுச்சுன்னாரு. திறந்தா... செத்துக் கிடந்துச்சு. இதயம் வீக்குன்னு கேஸ முடிச்சிட்டாங்க."

"போலீஸ்ல ஏன் சொல்லல?"

"பாஸ்போர்ட்டு அவர்கிட்ட இருக்கு மேடம். பயந்துட்டேன்."

மறுநாள் காலை. டாக்டர் கிளாரிசாவின் அறை.

"வாங்க இன்ஸ்பெக்டர். குடிக்க தே தாரே சொல்லட்டுமா, நுரை டீ?"

"வேணாம் டாக்டர். உங்க ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"எங்க கோப்பரல் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. சாயங்காலம் வாந்தி எடுத்தாரு. மதிய சோறு அப்படியே வந்துச்சு."

முகுந்தன் அடக்கமாகத் தலை குனிந்தான். முதல் தடவையாக அவன் ஒரு கேஸில் துப்புக் கொடுத்திருக்கிறான்.

கிளாரிசாவின் பேனா நின்றது.

"அப்போ சுகுமாறன் மதியமே செத்தாருன்னு வயித்த வச்சு எப்படிச் சொல்ல முடியும்? சாயங்காலம் வரைக்கும் பெட்டிக்குள்ள உயிரோட பயந்துக்கிட்டு கிடந்திருந்தாலும் சோறு அப்படியேதானே இருக்கும்?"

"அது... ஒரு பாசிபிலிட்டிதான். விட்டுப் போயிருக்கும்."

"முதல் வருஷப் பாடமாம் டாக்டர். உங்க சர்வீஸ்ல விட்டுப் போகுமா?"

கிளாரிசா பேனாவை மூடி வைத்தாள்.

"மதியம்னு நீங்க சொன்னதால ஜங்ஷன் பெட்ரோல் ஸ்டேஷன் கேமராவுல மதியத்த மட்டும்தான் பார்த்தோம். இன்னிக்கு மிச்சத்தையும் பார்த்தோம். கல்யாணச் சாப்பாடு முடியுற நேரத்துக்கு அப்புறம் ஒரு வெள்ளை மைவி கார் தோட்டத்துக்குள்ள போகுது. இருட்டப் போற நேரத்துல திரும்பி வருது. உங்க நம்பர்."

கிளாரிசா தண்ணீர் கிளாஸை எடுத்தாள். வாய் வரை கொண்டு போக முடியவில்லை. மேஜை மேல் சிந்தியது. அட்ரினலினைப் பற்றி எல்லாம் தெரிந்த டாக்டர்தான். தெரிந்தும் கை கேட்கவில்லை.

"ஏமியோட வீட்டுக்கு போன் போட்டேன்" என்றாள் மகதலேனா மெதுவாக. "அம்மா பேசினாங்க. மூத்த மக டாக்டர், கிளாரிசான்னு பேருன்னாங்க."

கிளாரிசா சிந்திய தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"பேர மாத்திச் சொல்லி கிளாஸ் கேட்டேன்." கிளாரிசாவின் குரல் தட்டையாக வந்தது. "பெட்டியப் பார்த்து பயந்த மாதிரி நடிச்சேன். இதுல என்ன இருக்கும்மா, பாருன்னு அவரே ஏறிப் படுத்துக் காட்டினாரு. மூடினேன். கொக்கிய மாட்டினேன். நாற்காலி போட்டு உக்காந்தேன்."

"அப்புறம்?"

"மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் மிரட்டினாரு. கடைசியா அம்மா அம்மான்னாரு. ஏமியும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பா. சத்தம் நின்னதும் கிளம்பிட்டேன். காப்பார்ல யார் செத்தாலும் என் டேபிளுக்குத்தான் வரணும். மிச்சத்த நானே எழுதிக்கலாம்னு நெனச்சேன்."

"திருமுருகன்?"

"அந்தாளோட கைக்கூலிதானே அவன்? என் தங்கச்சி கத்துறப்போ பக்கத்துல நின்னவன்."

"நின்னான். கொக்கிய எடுக்கக் கையவும் நீட்டினான். சுகுமாறன் பிடிச்சு இழுத்துட்டாரு. அங்க இருந்தவங்கள்ல ஏமிக்காகக் கைய நீட்டினது அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நீங்க தூக்குமேடை வரைக்கும் அனுப்பப் பார்த்தீங்க."

கிளாரிசாவின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது... சத்தியமா எனக்குத் தெரியாது."

முகுந்தன் கைவிலங்கை எடுத்தான். அவள் தானாகவே கைகளை நீட்டினாள். கதவருகே போனதும் திரும்பினாள்.

"பயம் பொய் இல்லைன்னு அந்தாளுக்கு ஒரு தடவையாவது புரியணும் இன்ஸ்பெக்டர். அதுக்குத்தான் போனேன்."

"நல்லா புரிஞ்சிருக்கு டாக்டர்" என்றாள் மகதலேனா. "சர்டிஃபிகேட் வாங்கத்தான் ஆள் இல்ல."