பதினேழாம் எண் வீட்டு மாப்பிள்ளைகள்

"அது என் பக்கம்!"

"பக்கம் கோயிலோடதுங்க…"

மாதா கோயிலின் பங்கு அலுவலகத்தில் அந்தப் பழைய திருமணப் பதிவேடு ஒன்றே ஒன்றுதான். அதன் ஒரு ஓரம் மருந்துக்கடைக்காரியின் கையில். மறு ஓரம்… நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த தலை. சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். இன்னும் இரண்டு வார்த்தை திட்டத்தான் நினைத்தாள்… வாய் வரவில்லை.

அவன் நில அளவையாளன். வம்சாவளி வேண்டுமென்று நச்சரித்த அக்காவுக்காக வந்திருந்தான். அவள் வந்தது அம்மாவுக்காக. இருவருக்குமே வேண்டியது அவரவர் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணக் குறிப்பு.

"கோழி கிளறின மாதிரி இருக்கு. இதை யாரு படிக்கிறது?"

"டாக்டருங்க எழுதறதையே படிக்கிறவ நான். தள்ளுங்க."

"சரி, நீங்க படிங்க. அந்தத் தெரு எங்க இருந்துச்சுன்னு நான் சொல்றேன்."

அப்படித் தொடங்கியவைதான் அந்தச் சனிக்கிழமைகள். அவள் வாசிப்பாள். அவன் பழைய நகரப் படத்தில் விரல் வைப்பான். விரல் தெருவில் இருக்கும்… கண் அவள்மீது இருக்கும். தெரிந்தும் தெரியாதவள்போல அடுத்த வரிக்குப் போவாள்.

முதலில் அவளுடைய கொள்ளுத்தாத்தா கிடைத்தார். மணமகனின் முகவரி, துறைமுகத் தெரு, பதினேழாம் எண். அடுத்த வாரம் அவனுடையவர் கிடைத்தார். அதே தெரு… அதே பதினேழு. தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடம் இரண்டிலும் காலி.

"ஒரே வீட்டுல ரெண்டு மாப்பிள்ளைன்னா… கூடப் பொறந்தவங்களா இருக்குமோ?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

வீட்டில் அம்மா விரல் மடக்கி உறவு கூட்டிப் பார்த்தாள். "அண்ணன் தம்பி வழின்னா நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிடி! நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

நல்லவேளையாம்!

அடுத்த சனிக்கிழமை, அம்மா சொன்னதைச் சொன்ன பிறகு அவன் அவள் முகத்தையே பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "வரேன்… தங்கச்சி," என்றான் தரையைப் பார்த்து.

சுருக்கென்றது அவளுக்கு. கொஞ்சம் தயங்கக் கூடாதா? கொஞ்சமாவது சந்தேகப்படக் கூடாதா?

"சரிங்கண்ணா!" என்றாள் வெடுக்கென்று.

அதன்பின் அவன் வரவில்லை. அவள் மட்டும் வந்தாள், அம்மா கேட்ட மிச்ச உறவுகளைத் தேடி. அப்போதுதான் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை ஒரு மாலுமி… பதினேழாம் எண். ஒரு தையல்காரர்… பதினேழாம் எண். இன்னொரு கல்யாணத்தில் பெண், மாப்பிள்ளை இருவருமே பதினேழாம் எண்! ஒரு வீட்டில் இத்தனை அண்ணன் தம்பிகளா?

அலுவலக எழுத்தர் சிரித்துவிட்டார். "அது தங்கும் விடுதிம்மா. இந்தப் பங்குல குடியிருந்தாத்தான் இங்க பூசையில ஓலை வாசிச்சு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு அறிவிப்பாங்க. வெளியூர்க்காரங்க அங்க ஒரு ரூம் எடுத்து அந்த முகவரியக் குடுத்துடுவாங்க. பெட்டிய மட்டும் வெச்சுட்டுப் போனவங்களும் உண்டு. முன்னாடியே கேட்டிருக்கலாமே!"

கேட்டிருக்கலாம்தான்…

உடனே ஓடிப்போய் அவனிடம் சொல்லத் துடித்தாள். ஆனால்… அவ்வளவு சுலபமாகத் தங்கச்சி என்றவனிடம் வலியப் போவதா? அவனே வரட்டும். இன்று, நாளை என்று மழைக்காலமே ரோஷத்தில் கரைந்தது.

கடைசியில் ரோஷம்தான் தோற்றது. ஒரு ஞாயிறு, அவன் போகும் கோயிலுக்கே போனாள். பூசை முடிவில் சாமியார் ஓலை வாசித்தார். அவன் பெயர்… கூடவே யாரோ ஒருத்தியின் பெயர்.

"இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்…"

எப்படி வாசலுக்கு வந்தாள் என்றே தெரியாது. வெளியே மழை. தூணோரம் அவளைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"அது விடுதிங்க… அந்தப் பதினேழாம் எண். நாம சொந்தமே இல்ல."

"தெரியும்."

"எப்போ?"

"நீங்க அண்ணான்னு சொன்ன அடுத்த வாரமே. பழைய அளவைப் படத்துல விடுதின்னு போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"உங்க கடை வரைக்கும் வந்தேன். யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க… நிம்மதியாத்தான் இருக்காங்கன்னு திரும்பிட்டேன்."

"மருந்து வாங்க வர்றவங்ககிட்ட அழுதுக்கிட்டா பேச முடியும்?" வேடிக்கையாகத்தான் தொடங்கினாள். "நீங்கதானே முதல்ல தங்கச்சின்னீங்க…"

"நீங்க சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சாமியார் கூப்பிடுறாங்க, வர்றீங்களா?" என்றவள் இவள் பக்கம் திரும்பி, "ஐயோ, சாரல் அடிக்குதே… உள்ள தள்ளி நில்லுங்க," என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெறுக்கவும் வழியில்லாத முகம்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிரு…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று திருத்திக்கொண்டாள். "பிடிச்சிருந்துச்சு."

அவன் திருத்தவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான். சொல்லிவிட்டு… உள்ளே போனான்.

மழை விடட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.