ஏ பாட்டிலும் பி பாட்டிலும்

முதல் பார்வையிலேயே அந்த நர்ஸின் கண்களைக் கலங்க வைத்துவிட்டானே... நினைத்தாலே ஜெரால்டுக்கு உடம்பு கூசியது.

வெளியே நெய்வேலி மழை. குழந்தைகள் மருத்துவமனையில் அக்காவின் ஆறு மாதக் குழந்தைக்குச் சளி அடைத்து மூச்சு இரைத்தது. நர்ஸ் மெர்லின் குட்டி முகமூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் ‘பி’ என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு ‘ஏ’. அதன் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். ஜெரால்டும் அக்கா புருஷனும் கான்ட்ராக்ட். ஜெரால்டுக்குக் கோபம் வர இது போதாதா?

“பர்மனென்ட் வூட்டுப் புள்ளைக்கு ஏ, எங்களுக்கு பி-யா? வெறும் உப்புத் தண்ணிய குடுத்துகினு ஏமாத்துறீங்களா?”

வார்டே திரும்பிப் பார்த்தது. மெர்லினின் பெரிய கண்கள் நிறைந்தன... முகமூடி பிடித்த கை மட்டும் அசையவில்லை. ஜெரால்டு விடாமல் புகாரும் எழுதிக் கொடுத்தான்.

டாக்டர் அவனை உட்கார வைத்துச் சொன்னார். இரண்டுமே உப்புத் தண்ணீர்தான். ஒன்றில் உப்பு கொஞ்சம் கூடுதல். எது குழந்தைகளுக்கு நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். எந்த பாட்டிலில் எது என்று மெர்லினுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அக்கா எல்லாம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மெர்லினும் கான்ட்ராக்ட்தான் என்றார் கடைசியில். அடுத்த வாரம் புதுப்பிக்க வேண்டும், இந்தப் புகார் இருந்தால் சிரமம்.

ஐயோ... முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு நாள் அவள் உள்ளே வந்தால் இவன் வராந்தாவுக்கு ஓடினான். புகாரை மட்டும் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிவிடலாமே என்றது ரோஷம். ஆனால், கத்தியது எல்லார் முன்னாலும் அல்லவா?

மூன்றாம் நாள் காலை குழந்தை வயிறாரப் பால் குடித்தது. ஜெரால்டு புகாரை வாபஸ் வாங்கிவிட்டு, அதே தாய்மார்கள் முன்னால் வந்து நின்றான். காது மடல் சுட்டது.

“நான் சொன்னது தப்புங்க. இவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் வெவரம் பத்தல.”

மெர்லின் நிமிராமல் வராந்தாவுக்கு நடந்தாள். பின்னாலேயே போனான்.

“அன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுல அழுதுட்டே போனேங்க” என்றாள்.

சாரல் இருவர் மேலும் தெறித்தது... யாரும் நகரவில்லை.

“இன்னொன்னும் சொல்லிடறேங்க... வார்டுல எல்லாரும் உங்கள சிஸ்டர்னு கூப்பிடறாங்க. எனக்கு மட்டும் அது வாயில வர மாட்டேங்குது.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். ஈரம் காயாத கண்களில் ஒரு குறும்பு.

“வராட்டி விட்டுடுங்க. எம் பேரு மெர்லின்.”