வான்மதி போட்ட சட்டம்

ரிதா வந்ததிலிருந்து வான்மதிக்கு எதுவுமே சரியாக இல்லை.

அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் ஊரில் அவள் படிக்கும் ஐந்தாம் வகுப்பில் ஷ்ரேயாதான் அவளுக்கு உயிர்த்தோழி. மதியச் சாப்பாட்டு மேசையில் ஷ்ரேயாவுக்குப் பக்கத்து இடம் வான்மதியுடையது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள்.

அப்போதுதான் டெக்சாஸிலிருந்து ரிதா வந்து சேர்ந்தாள். அவளும் தமிழ்ப் பெண். அவளுடைய அப்பாவுக்கு இங்கே புது வேலை. வந்த முதல் நாளே முட்டாள்தனமான ஜோக் ஒன்று சொல்லி வகுப்பையே விழுந்து விழுந்து சிரிக்க வைத்தாள். மறுவாரம் வான்மதியின் இடத்தில் போய் உட்கார்ந்தும் விட்டாள். ஷ்ரேயா அவளை எழுப்பவில்லை. நகர்ந்து இடம் வேறு கொடுத்தாள்.

வான்மதிக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர்களுடைய டீச்சர் மிஸ் சில்வெய்ரா வரலாற்றுப் பாடத்தில் ஒரு விளையாட்டை ஆரம்பித்தார். இந்த வாரம் முழுவதும் நம் வகுப்பு ஒரு நாடு என்றார். வருடம் 1917. தூரத்தில் பெரிய உலகப் போர் நடக்கிறது. அமெரிக்கா இன்னும் அதில் சேரவில்லை. முதல் வேலையாக ஒரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தக் காலத்தில் இந்த நாட்டின் பல ஊர்களில் பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது என்றும் மிஸ் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். விளையாட்டில் அந்த விதியை மட்டும் விட்டுவிடலாம் என்று சட்டென்று முடிவாகிவிட்டது. வான்மதி போட்டியிட்டாள், ஜெயித்தாள். ஷ்ரேயா எழுந்து நின்று கை தட்டினாள். வான்மதிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைதான். போரில் சேரலாமா வேண்டாமா என்று செவ்வாய்க்கிழமை விவாதம் நடந்தது. ஆளாளுக்குப் பீரங்கி, கப்பல் என்று வெளுத்து வாங்கினார்கள். ரிதா மட்டும் வேறு மாதிரி கேட்டாள். (வகுப்பில் எல்லாரும் பேசுவது இங்கிலீஷில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

"போருக்குப் போனா அங்க என்ன ஆகும்னுதான் எல்லாரும் பேசறோம். இங்க, நமக்குள்ள என்ன ஆகும்?"

ஷ்ரேயா எழுந்து நின்று கை தட்டினாள். நேற்று ஜனாதிபதிக்குத் தட்டியதைவிடச் சத்தமாகத் தட்டினாள் என்று வான்மதிக்குப் பட்டது. அது போதாதா?

ஓட்டெடுப்பில் போர்க் கட்சிதான் ஜெயித்தது. இனி ஜனாதிபதி யாரையும் கேட்காமலே சட்டம் போடலாம் என்று மிஸ் அறிவித்தார். போர் வந்தபோது அரசாங்கத்தின் கையில் நிஜமாகவே நிறைய அதிகாரம் சேர்ந்ததாம்.

வகுப்பு ஒரே நாளில் மாறிப்போனது. மேசைக்கு மேசை கொடி முளைத்தது. வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்கள்கூட ஓடி ஓடிப் போஸ்டர் வரைந்தார்கள். வான்மதி தன் முதல் சட்டத்தைப் போட்டாள். கோதுமை சிப்பாய்களுக்கு வேண்டும், அதனால் புதன்கிழமை யாரும் கோதுமை சாப்பிடக் கூடாது. அந்தக் காலத்திலும் அப்படிக் கோதுமை இல்லாத நாட்கள் இருந்தன என்று மிஸ் சொல்லியிருந்தார்.

சட்டம் போட்டவளுக்கு வீட்டு நிலவரம் மறந்துவிட்டது. புதன்கிழமை என்றால் அவள் வீட்டில் சப்பாத்திதான். காலையில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அம்மா வசந்தாமணியிடம் இட்லி வேண்டும் என்று மன்றாடினாள். அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். "யார் கூட யாருக்குச் சண்டையோ, நான் எதுக்குடி இட்லி ஊத்தணும்?" என்று முனகிக்கொண்டே தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

அன்று காலை ஜனாதிபதி இரண்டாவது சட்டத்தைப் பலகையில் எழுதினாள்.

"போரை எதிர்த்து யாரும் பேசக் கூடாது. பேசியவர்கள் கடைசி மேசையில்தான் சாப்பிட வேண்டும்."

கடைசி மேசை குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஏற்கெனவே பேசியவர்களுக்கும் இது பொருந்துமா என்று யாரோ கேட்டார்கள். பொருந்தும் என்றாள் வான்மதி. ஏற்கெனவே பேசியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மிஸ் சில்வெய்ரா பலகையைப் படித்தார். அந்தக் காலத்தில் பேசியதற்காகச் சிறைக்கே போனவர்கள் உண்டு என்றார். யாருக்காவது கஷ்டமாக இருந்தால் விளையாட்டை உடனே நிறுத்திவிடலாம் என்று ரிதாவைப் பார்த்துச் சொன்னார். பரவாயில்லை என்று ரிதா தோளைக் குலுக்கினாள். ஆனால் அவளுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன.

மதியம் வான்மதிக்குப் பழைய இடம் கிடைத்துவிட்டது. ஷ்ரேயாவுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தாள். ஷ்ரேயா டப்பாவைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தாள். சீக்கிரம் சரியாகிவிடும் என்று வான்மதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சட்டம் இருந்தால் காவல் வேண்டுமே. அந்த வேலையைத் தீபக்கிடம் கொடுத்தாள். அவன் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து மேசை மேசையாக ஒட்டுக் கேட்டான். போர் போரடிக்கிறது என்று சொன்ன ஹஸ்னைன் மாட்டினான். சிப்பாய்க்கு பிஸ்கட் தர மாட்டேன் என்ற ஹம்சாவும் மாட்டினாள். பிடிக்காதவர்களைப் பற்றிப் புகார் சொல்ல வகுப்பில் ஒரு வரிசையே நின்றது.

வியாழக்கிழமை தீபக் பிடித்துக்கொண்டு வந்தது ஷ்ரேயாவை.

"ரிதா சொன்னதுல என்ன தப்புன்னு கேட்டா. நானே காதால கேட்டேன்" என்றான்.

இந்த ஒரு தடவை விட்டுவிடலாமே என்றாள் வான்மதி. ஜனாதிபதியின் ஃப்ரெண்டுக்குத் தனிச் சட்டமா என்று தீபக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஷ்ரேயா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்கு நடந்தாள்.

அங்கே கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இங்கே வான்மதியைச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் யாரும் பேசவில்லை. எதைச் சொன்னால் மாட்டுவோமோ என்று ஆளுக்கு ஆள் பயம். உப்புப் போதவில்லை என்று சொல்லக்கூட ஒரு பையன் தீபக் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டான்.

வான்மதிக்கு மறுபடியும் பொறாமை வந்தது. தான் தண்டனை கொடுத்த மேசையைப் பார்த்தே பொறாமை! இதென்னடா கூத்து என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது, ஷ்ரேயா போய்விட்டாள். ஷ்ரேயா இல்லாமல் அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்று இரவு படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தாள். சட்டத்தை ஒரு சொல்லில் நீக்கிவிடலாம். ஆனால் நீக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால், தான் செய்தது செய்தபடியே இருக்கும். ரிதாவின் சிவந்த காதுகள் வேறு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றன.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் டப்பாவைத் திறக்கும் நேரம், வான்மதி பெஞ்சுமேல் ஏறி நின்றாள்.

"நாம போருக்குப் போயிருக்கக் கூடாது. ரிதா கேட்டதுதான் சரி" என்றாள்.

தீபக் அப்படியே சிலையாகிவிட்டான். ஜனாதிபதியை எப்படிப் பிடிப்பது? கடைசியில் அவன் மெதுவாகக் கிட்டே வந்து, மன்னிக்கணும், நீங்க கடைசி மேசைக்குப் போகணும் என்றான். பாவம், அவனுக்கே வேர்த்துவிட்டது.

"அதுக்குத்தானே சொன்னேன்" என்று வான்மதி கீழே இறங்கினாள். ஹம்சா களுக்கென்று சிரித்தாள். அப்புறம் வகுப்பே சிரித்தது. இரண்டு நாளாக வகுப்பு அப்படிச் சேர்ந்து சிரிக்கவில்லை.

கடைசி மேசையில் ரிதா சிரிக்கவில்லை. வான்மதி அவள் எதிரே போய் நின்றாள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால்கூட இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், இப்போது தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள்.

"அந்தச் சட்டம் போருக்காக இல்ல. நீ வந்ததும் ஷ்ரேயா உன்கிட்ட வந்துட்டா. எனக்குப் பொறாமை. ஸாரி."

"எனக்கு உன்மேல ரொம்பக் கோபம்" என்றாள் ரிதாவும் தமிழில். கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள போகாது. திங்கக்கிழமை போயிடும்னு நினைக்கிறேன்."

சரி என்றாள் வான்மதி. வேறென்ன சொல்ல முடியும்?

மதியத்துக்குப் பிறகு போர் முடிந்தது என்று மிஸ் அறிவித்தார். ஹஸ்னைன் ஓடிப்போய்க் கொடியை ஆட்டினான். ஆனால் சட்டம் பலகையில் அப்படியே இருந்தது. போர் முடிந்தால் அது தானாகப் போய்விடுமா என்று யாரோ கேட்டார்கள். போகாது, யாராவது எடுக்க வேண்டும் என்றார் மிஸ். வான்மதி எழுந்து போய்த் துடைப்பானை எடுத்து ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தாள். அழித்துவிட்டு, புதுத் தேர்தல் வைக்கலாம் என்றும் சொன்னாள்.

ரிதாவின் பெயர் வந்தபோது வான்மதிக்கு லேசாகச் சுருக்கென்றது. சுருக்கென்றால் என்ன, கை தாராளமாக மேலே போயிற்று. ரிதா ஜெயித்தாள். வான்மதியும் கை தட்டினாள். முதலில் கொஞ்சம் கஷ்டப்பட்டு, அப்புறம் நிஜமாகவே.

திங்கள் மதியம் வான்மதி டப்பாவோடு வந்தபோது, ஷ்ரேயாவுக்குப் பக்கத்தில் ரிதா உட்கார்ந்திருந்தாள். வான்மதிக்குக் கால் தயங்கியது. ஷ்ரேயா நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். ஷ்ரேயாவுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டே வான்மதி உட்கார்ந்தாள்.