தொம்மை பிடித்த கயிறு

தேவாலயத்தின் பங்கு அலுவலகத்துக்கு நான் போனபோது காலை பதினொரு மணி. வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சல். ஆவண அறையைத் திறந்துவிட்ட ஹில்டா அக்கா சிரித்தாள்.

"ஏளா அனிஷா, கட்டுரைதான் அச்சாயிட்டே. இன்னும் என்னத்தத் தேடுத?"

ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டும் என்றேன்.

முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவர்களைப் பற்றியது என் எம்.ஏ. ஆய்வுக்கட்டுரை. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவனுடைய மச்சினன்தான் மேலிருந்து பிடிப்பான். தன் தங்கையை விதவையாக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை முறிந்த சம்பவம் ஒன்றாவது சான்றோடு வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை நிற்காது என்று என் வழிகாட்டி ஜோன்ஸ் சார் சொல்லிவிட்டார்.

இந்த அறையில், பழைய இறப்புப் பதிவேட்டில் எனக்கு ஒரு வரி கிடைத்தது. 'சவேரியான் கடலில் மரித்தான். கயிறு பிடித்தது மச்சினன் தொம்மை.' அவ்வளவுதான் இருந்தது.

பகையால் தொம்மை கயிற்றை விட்டான் என்று நான் எழுதினேன். அடிக்குறிப்பில் பதிவேட்டின் பெயரும் பக்கம் 212 என்பதும். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? செத்தவனுக்கு என்ன வலிக்கும்? போட்டோ மட்டும் வேண்டுமென்றே எடுக்கவில்லை.

கட்டுரை ஆய்விதழில் அச்சான வாரம் என் அறையில் அந்த வாடை வந்தது.

அழுகிய சிப்பி. கரையில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு முத்தெடுத்த காலம் நான் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. இருந்தும் முதல் மூச்சிலேயே அது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

பிறகு, காதருகே, மூச்சு வாங்கும் ஆண் குரல்.

"நான் விடல, தாயி."

மாதக்கணக்கில் தினமும் அதே மூன்று சொற்கள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது கெஞ்சியது.

திருத்தம் போடச் சொல்லி இதழாசிரியருக்கு எழுதினேன். மூலப்பக்கத்தின் படம் வேண்டும் என்றார். அதற்குள் என் கட்டுரையைச் சான்றாக வைத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் தொம்மையைக் கொலைகாரன் என்றே குறிப்பிட்டிருந்தார்.

அந்தப் படத்துக்காகத்தான் இன்று வந்திருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு 212ஆம் பக்கத்தைத் திருப்பினேன். வாடை முகத்தில் அடித்தது.

அதே பழுப்பு மை. அதே சாய்ந்த கையெழுத்து. சவேரியான். தொம்மை.

அதன்பின்,

'பகையால் கயிற்றை விட்டான்.'

என் வாக்கியம்.

சுரண்டிய தடமில்லை. இடைச்செருகலும் இல்லை. அடுத்த சாவு, அடுத்த வரியில், எப்போதும் அங்கேயே இருந்ததுபோல.

ஹில்டா அக்காவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இங்கன உள்ளதத்தான எழுதிருக்க. பொறவு எதுக்குளா நடுங்குத?"

அது அன்றைக்கு இல்லை என்றேன். படித்துப் படித்து மூளை குழம்பியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"ஒங்கூட வந்த அண்ணாச்சி இங்கனயே நிக்காரே. ரெண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்தாப்புல சதை தெரியக் கெடக்கு. உள்ள கூப்பிட்டு உக்கார வையி."

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

நான் தனியாகத்தான் வந்திருந்தேன். அவன் கயிற்றை விடவில்லை என்று காட்ட இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை.