கழித்த பின் மிஞ்சிய குரல்

மழைத் தூறலில் கடலூரிலிருந்து பைக்கில் வந்த சார்லஸ், சிதம்பரத்தில் பாட்டுப் பதிவு செய்யும் கதிரவனின் வீட்டு மாடிப்படியை ஈரச் சட்டையோடு ஏறினான். கதிரவனின் மனைவி அனுப்பிரியா சாவியோடு காத்திருந்தாள். புருஷன் இறந்து நாலைந்து மாதமாகிறது. அவருடைய ஒலிப்பதிவு அறையை அதன்பிறகு அவள் திறக்கவே இல்லை.

"நீங்களே பாத்து எடுத்துக்குங்க சார். எனக்கு இதுல ஒண்ணும் புரியாது" என்றாள். "பிரிசில்லா அக்கா பாட்ட மட்டும் பெரிய ஃபைலா யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னாரு. ஏன்னு கேட்டதுக்கு வாயே தொறக்கல. கொழந்தைக்குன்னு நீங்க கேக்கும்போது நான் எப்பிடி இல்லைங்கறது?"

குழந்தைக்குத்தான். சார்லஸின் மனைவி பிரிசில்லா இறந்து ஒரு வருடம் ஆகிறது. மிஞ்சியிருந்தது சர்ச்சுக்காக அவள் பாடிய ஒரே பாட்டு, அதுவும் கதிரவன் அளவைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிய எம்பி3. நசுங்கிய தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். "இது அம்மா இல்லப்பா, போனு" என்று ஐந்து வயது எஸ்தர் சொன்ன அன்று அவன் உடைந்து அழுதுவிட்டான். அம்மாவின் குரல் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது.

பாட்டின் தரம் என்றால் சார்லஸுக்கு எப்போதுமே பைத்தியம். சட்டைப் பையில் விலை ஜாஸ்தியான ஆடியோ பிளேயர். அதற்குத் தீனி தேடி இணையம் முழுக்க அலைவான். ஹை-ரெஸ், அதாவது உயர்தரப் பதிவு என்று விற்பதில் பாதி, பழைய எம்பி3-க்குப் பட்டுச்சேலை சுற்றியதுதான். அதைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி உண்டு. புதிய ஃபைலிலிருந்து எம்பி3-ஐக் கணினியில் கழிப்பான். இரண்டிலும் இருப்பது அழிந்துவிடும். எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறிந்தது மட்டும் மிஞ்சும். அசலாக இருந்தால் லேசாக ஒரு சீறல் கேட்கும். போலியாக இருந்தால் ஒன்றுமே கேட்காது.

அறையில் பூஞ்சை வாடை அடித்தது. சுவரில் ஒட்டிய பஞ்சு ஈரத்தில் உப்பியிருந்தது. கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அடியோடு நின்றது. ஹார்ட் டிஸ்கில் பிரிசில்லாவின் பெயரில் இருந்த ஃபைலைப் பிளேயரில் ஏற்றிக்கொண்டு ஹெட்போனை மாட்டினான்.

முதலில் வெறும் அமைதி. பிறகு பிரிசில்லா மூச்சு இழுத்தாள்.

உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல இருந்தாள். சார்லஸ் ஒலியைக் கூட்டினான். எஸ்தர் இதைக் கேட்டால் போதும், இனி அம்மாவை மறக்கமாட்டாள் என்று நினைத்தான்.

இரண்டாம் வரிக்கு முன் மறுபடி மூச்சு.

இரண்டு மூச்சு.

ஒன்று பிரிசில்லாவுடையது. மற்றது மைக்குக்கு இன்னும் அருகில்.

"அன்னிக்கு அவகூட வேற யாராவது பாடினாங்களாம்மா?" என்று பின்னால் நின்ற அனுப்பிரியாவிடம் கேட்டான்.

"இல்லீங்களே. அக்கா மட்டுந்தான் உள்ள. இவரு கண்ணாடிக்கு இந்தாண்ட உக்காந்திருந்தாரு."

வேறொருவனாக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பான். சோதிக்காமல் ஒரு ஃபைலை எடுத்துப் போய் சார்லஸுக்குப் பழக்கமில்லை. பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து அந்த ஃபைலை ஏற்றினான். அனுப்பிரியா டீ போடப் போனாள். அவள் போன கையோடு கரண்ட் போயிற்று. திரை வெளிச்சத்தில் அதிலிருந்து வாட்ஸ்அப் எம்பி3-ஐக் கழித்துவிட்டு, மிஞ்சியதை ஓடவிட்டான்.

கீபோர்டு இசை அழிந்தது. பிரிசில்லா அழிந்தாள்.

சீறல் வரவில்லை.

ஒரு பெண் பாடினாள்.

அதே பாட்டுதான். வயது சொல்ல முடியாத, வறண்ட குரல். ஒவ்வொரு சொல்லையும் பிரிசில்லாவுக்கு ஒரு கணம் முந்திப் பாடினாள். பிரிசில்லா அவள் பின்னாலேயே போயிருக்கிறாள். கதிரவன் அசலை ஏன் பூட்டி வைத்தார் என்று சார்லஸுக்கு இப்போது விளங்கிற்று. நசுக்கிய ஃபைலில் இவள் இல்லை. அந்தப் பதிவுக்குப் பிறகு பிரிசில்லா பாடவே இல்லை. தொண்டையில் ஏதோ என்று ஆரம்பித்தது, மூன்று மாதத்தில் கல்லறைத் தோட்டத்தில் முடிந்தது.

பாட்டு முடிந்தது. அவள் போகவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது.

"வீட்ல இன்னும் யாரு பாடுவாங்க?" என்றது குரல், மெதுவாக.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான்.  ஃபைலை அழித்தால் பிரிசில்லாவின் மூச்சும் சேர்ந்து போய்விடும். இனி இந்த உலகத்தில் வேறெங்கும் அது கிடைக்காது. அழுதுகொண்டே அழித்தான். டிஸ்கில், லேப்டாப்பில், கடைசியாகப் பிளேயரிலும்.

அனுப்பிரியாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. எஸ்தர் கிள்ளையில் சித்தி ஜான்சி வீட்டில் இருந்தாள். பைக்கை அந்தப் பக்கம் விரட்டினான். பாதி வழியில் ஜான்சியே கூப்பிட்டாள். சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தினான்.

"மாமா, எங்க வந்துனு இருக்கிங்க? நம்ம எஸ்தர் எங்க அக்கா பாட்ட பாடிக்கினே இருக்கா."

"அவகிட்ட போன் குடுத்தியா?"

"போனு எங்கிட்டதான இருக்கு மாமா. சும்மா செவுத்தப் பாத்துக்கினு பாடறா. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்னு நின்னு, யாரோ சொல்லிக் குடுக்கறத கேட்டுப் பாடற மாதிரி."

"நிறுத்தச் சொல்லு ஜான்சி."

"சொல்லாம இருப்பனா? அந்த ஆன்ட்டி இன்னும் முடிக்கல சித்திங்கறா."