கதவுக்குள் அடைத்த முடி

மதுரையில் காளவாசலைத் தாண்டியதும் காரின் கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. சரக்... சரக்...

பின்சீட்டில் இருந்த ஹரிராமுக்கு அது பெரிய அவமானம். சீமையிலிருந்து தபாலில் வந்த மூன்று பாடங்களைப் படித்துவிட்டுத் தன்னைச் சத்தம் அடக்கும் நிபுணன் என்று அறிவித்துக்கொண்டவன் அவன். மற்ற மெக்கானிக்குகளைத் தகரம் தட்டுகிறவர்கள் என்பான். ஜமீன்தாரின் புதுக் காருக்குள் ஒரு முனகல்கூடக் கேட்காது என்று சவால் விட்டிருந்தான். திருப்பரங்குன்றத்தில் அவர் காத்திருந்தார். ஏதாவது சத்தம் அவர் காதில் விழுந்தால் அவனுக்குப் பட்டறையில் வேலை இல்லை.

சத்தத்தை உறிஞ்சக் கதவுகளிலும் கூரையிலும் அடைக்கக் குதிரைமுடி கிடைத்திருக்கவில்லை. வேண்டுதலுக்கு மொட்டை போட்டவர்களின் முடியை மூட்டையாக வாங்கிவந்தான். மெத்தை தைக்கும் சிஹாபுதீன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“வேணாம் அண்ணே. சாமிக்குன்னு நேந்து குடுத்தது. கார்ல அடைக்கவா குடுத்தாக?”

“சாமிக்கு இம்புட்டு முடி எதுக்கு பாய்? சவுரி வைக்கவா?”

ஹரிராமே தைத்தான். சிரித்துக்கொண்டே.

வேலை பிரமாதம்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் டிரைவர் வீரணன் ஹார்னை அமுக்குவது தெரிந்தது, கேட்கவில்லை. வெயிலில் மாட்டுவண்டிகள் ஊமையாக ஒதுங்கின. அந்த மௌனத்துக்குள் சரக்கென்ற ஒலி மட்டும், ஈரத் தலையில் சவரக்கத்தி இழுபடும் நிதானத்தோடு, கதவிலிருந்து கூரைக்கு ஏறி, அவன் உச்சிக்கு நேர் மேலே வந்து நின்றது. நனைந்த முடியின் வாடை. பிறகு சந்தன வாடை.

“எலி,” என்று சொல்லிக்கொண்டான். பாடத்தில் எலி இல்லை.

நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. குளிர்ந்த கை ஒன்று பிடரியைப் பிடித்துத் தலையைக் குனியவைத்தது. அழுகிற பிள்ளையைப் பிடிப்பதுபோல.

சரக்.

மடியில் முடி விழுந்தது. அவனுடையது.

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தான். வீரணன் திரும்பவில்லை. எப்படித் திரும்புவான்? கண்ணாடியைச் சுற்றிக் கம்பளியை இரட்டையாக ஒட்டியது ஹரிராம்தான்.

அலறினான். தன் காதுக்கே கேட்கவில்லை.

திருப்பரங்குன்றத்தில் கார் நின்றது. கதவு திறந்தது. வேலைக்காரர் முகத்தைப் பார்த்துப் பழக்கமில்லாத ஜமீன்தார், உள்ளே தலையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டார். ஒரு சாண் தள்ளி, சந்தனம் வழியும் மொட்டைத் தலையோடு, வாயை அகலத் திறந்து ஹரிராம் அலறிக்கொண்டிருந்தான். பிடரியில் பிடி தளரவில்லை.

“பேஷ்! ஒரு சத்தமும் இல்லையே. வீரணா, இன்னொரு சுத்து போயிட்டு வா.”

“சரிங்கய்யா.”

கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. தலையில் சிரைக்க இனி ஒரு மயிர் இல்லை.

கூரைக்குள் யாரோ கத்தியைத் தீட்டத் தொடங்கினார்கள்.